ஒரே ரசாயனம், வயதுக்கு ஒரு வேலை: சிசுவின் புலன்கள் உருவாகும் விதம்

கேள்வி இதுதான்: குழந்தையின் பார்வை, கேட்கும் திறன், தொடு உணர்வு, மோப்பம் எல்லாம் கருவிலும் முதல் ஓரிரு ஆண்டுகளிலும் உருவாகின்றன என்கிறார்கள். இதில் செரோடோனின், டோபமைன், காபா போன்ற மூளை ரசாயனங்களுக்கு என்ன பங்கு? அவற்றைக் கூட்டிக் கொடுத்தால் புலன்கள் இன்னும் நன்றாக வளருமா?

இரண்டாவது பாதிக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், பலர் அதற்காகவே கேட்கிறார்கள். வளராது. சில நேரங்களில் கெடும். இந்த ரசாயனங்களில் அளவை மட்டும் பார்த்தால் எதுவும் புரியாது. எந்த வயதில், மூளையின் எந்த இடத்தில், எந்த ஏற்பியின் (ரசாயனம் வந்து ஒட்டும், செல்லின் மேலுள்ள புரதம்) மேல் வேலை செய்கிறது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். நாற்று வேர்பிடிக்கையில் வயலில் நிற்க வேண்டிய அதே தண்ணீரை அறுவடைக்கு முன் வடித்தாக வேண்டும். இங்கேயும் கணக்கு அதேதான்.

காபாவிலிருந்து தொடங்கலாம். வளர்ந்தவர் மூளையில் இது நரம்புச் செல்லை அடக்கும் ரசாயனம். தூக்க மாத்திரையும் பல வலிப்பு மருந்துகளும் இதன் ஏற்பியின் வழியாகத்தான் வேலை செய்கின்றன. வளரும் மூளையில் இதே காபா செல்லைத் தூண்டும். 1989-இல் பாரிசில் யெஹஸ்கேல் பென்-ஆரியின் குழு, பிறந்த சில நாட்களே ஆன எலிக்குட்டிகளின் ஹிப்போகாம்பஸ் என்ற மூளைப் பகுதியில் இதைக் காட்டியது. காரணம் ஏற்பியில் இல்லை, செல்லுக்குள் இருக்கும் குளோரைடின் அளவில் இருக்கிறது. காபா ஏற்பி என்பது குளோரைடு அயனிக்கான வாயில். அது திறக்கும்போது அயனி உள்ளே வருமா, வெளியே போகுமா என்பதை உள்ளே ஏற்கெனவே இருக்கும் குளோரைடு தீர்மானிக்கிறது. இளம் செல்லில் என்கேசிசி1 என்ற புரதம் குளோரைடை உள்ளே ஏற்றிக்கொண்டே இருக்கும். அதை வெளியேற்றும் கேசிசி2 இன்னும் போதுமான அளவில் உருவாகியிருக்காது. ஆகவே வாயில் திறந்ததும் எதிர்மின்னூட்டம் கொண்ட குளோரைடு வெளியேறுகிறது, செல் தூண்டப்படுகிறது. கேசிசி2 பெருகப் பெருக நிலைமை தலைகீழாகும். எலியில் இந்த மாற்றம் பிறந்த இரண்டு வாரங்களுக்குள் பெரும்பாலும் முடிகிறது. மனிதரில் கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் தொடங்கிப் பிறந்த பின்னும் தொடர்கிறது.

தடுக்க வேண்டிய ரசாயனம் ஏன் தூண்ட வேண்டும்? அந்த வயதில், செல்லைத் தூண்டும் முதன்மை ரசாயனமான குளுட்டமேட்டின் இணைப்புகள் பல இன்னும் ஊமையாக இருக்கின்றன. அவற்றில் குளுட்டமேட்டுக்கான என்எம்டிஏ ஏற்பி இருக்கும், ஆனால் மெக்னீசியம் அயனி அதை அடைத்துக்கொண்டிருக்கும். காபா செல்லைச் சற்றே தூண்டினால் அந்த அடைப்பு விலகும், கால்சியம் உள்ளே வரும். கிளை வளர்வதும் இணைப்பு நிலைப்பதும் அந்தக் கால்சியத்தால்தான். இதில் ஒரு நுணுக்கமும் உண்டு. தனி ஒரு செல் காபாவால் தூண்டப்பட்டாலும், உயிருள்ள எலிக்குட்டியின் பெருமூளைப் புறணியில் (மூளையின் வெளி அடுக்கில்) ஒட்டுமொத்த வலைப்பின்னலை அதே காபா அமைதிப்படுத்தவும் செய்கிறது. ஆகவே "சிசு மூளையில் காபா தூண்டும்" என்று ஒற்றை வரியில் எழுதிவைப்பவர்களை முழுக்க நம்ப வேண்டாம்.

இந்த உயிரியல் சிகிச்சையில் எங்கே இடறியது என்பதற்கு ஓர் உதாரணம் இருக்கிறது. பிறந்த சிசுக்களின் வலிப்புக்கு பீனோபார்பிட்டால் இன்றும் முதல் மருந்து. அது காபாவின் விளைவைக் கூட்டுவது, எல்லாச் சிசுக்களிடமும் பலிப்பதில்லை. என்கேசிசி1-ஐத் தடுக்கும் பூமெட்டனைடு என்ற, சிறுநீரைப் பெருக்கும் மருந்தைச் சேர்த்தால் காபா பெரியவர்களிடம் போலத் தடுக்கத் தொடங்கும், வலிப்பு அடங்கும் என்று எதிர்பார்த்து ஐரோப்பாவில் நீமோ என்ற சோதனை நடந்தது. 14 சிசுக்களோடு அது நிறுத்தப்பட்டது. முடிவு 2015-இல் வெளியானது. பிழைத்த 11 குழந்தைகளில் 3 பேருக்குச் செவித்திறன் குறைந்திருந்தது. என்கேசிசி1 மூளைக்கு மட்டும் உரியதல்ல. உட்செவியில் பொட்டாசியம் நிறைந்த திரவத்தைச் சுரக்கவும் அதே புரதம் வேண்டும், அந்தத் திரவம் இல்லாமல் மயிர்ச்செல்கள் ஒலியை மின்குறியாக மாற்ற முடியாது. செவியைப் பாதிக்கும் நுண்ணுயிர்க்கொல்லிகளும் அந்தக் குழந்தைகளுக்குக் கொடுக்கப்பட்டிருந்ததால் பழி முழுவதும் ஒரே மருந்தின் மேல் விழாது. ஆனாலும் மூளையை மனதில் வைத்துக் கொடுக்கும் மருந்து புலனுறுப்பில் போய் நிற்கலாம் என்பதை அது காட்டியது.

அடுத்தது, கண் திறப்பதற்கு முன்பே நடக்கும் பயிற்சி. எலிக்குட்டி பிறந்து ஏறக்குறைய 14-ஆம் நாளில்தான் கண் திறக்கும். அதற்கு முன்பே விழித்திரையில் மின்னலைகள் தாமாக எழுந்து பரவுகின்றன. 1991-இல் கார்லா ஷாட்ஸ், டெனிஸ் பெய்லர் குழுவினர் பல மின்முனைகளை வைத்து இவற்றைப் பதிவு செய்தார்கள். மக்காக் குரங்கின் கருவிலும் இவை பதிவாகியுள்ளன. எலியில் மூன்று கட்டங்கள். பிறப்பதற்கு முன் செல்களுக்கு இடையிலான நேரடி மின்னிணைப்புகள் அலையை நடத்துகின்றன. பிறந்த நாள் முதல் சுமார் 10-ஆம் நாள் வரை அசிட்டைல்கோலின். அதைச் சுரப்பவை விண்மீன் வடிவ அமக்ரைன் செல்கள். அதன்பின் கண் திறக்கும் வரை குளுட்டமேட்.

அசிட்டைல்கோலின் கட்டம் முக்கியமானது. பக்கத்துப் பக்கத்துச் செல்கள் ஒன்றாகச் சுடுகின்றன (அதாவது மின்குறி அனுப்புகின்றன), தூரத்துச் செல்கள் வேறு நேரத்தில் சுடுகின்றன, இரு கண்களின் அலைகளும் ஒன்றோடொன்று ஒத்துப்போவதில்லை. இந்த நேர வேறுபாட்டை வைத்துத்தான் புலன் செய்திகளைப் புறணிக்கு அனுப்பும் இடைநிலையமான தலாமஸில் வலக்கண்ணின் நரம்புகளும் இடக்கண்ணின் நரம்புகளும் தனித்தனி இடம் பிடிக்கின்றன. அசிட்டைல்கோலினுக்கான நிகோட்டினிக் ஏற்பியின் பீட்டா-2 துணைக்கூறு இல்லாத எலியில் அலை குலைகிறது, அந்தப் பிரிவும் மங்கிப்போகிறது. ஒளி ஒரு துளிகூட நுழைவதற்கு முன்பே பார்வையின் வரைபடம் பாதி வரையப்பட்டுவிடுகிறது என்பது எனக்கு இந்தத் துறையின் மிக அழகான கண்டுபிடிப்பு. கர்ப்பிணிக்குப் புகையிலையை ஏன் கண்டிப்பாக மறுக்க வேண்டும் என்பதற்கான காரணங்களில் ஒன்றும் இங்கேதான் இருக்கிறது. பீடி, சிகரெட், வெற்றிலையோடு போடும் புகையிலை, மூக்குப்பொடி எதுவானாலும் நிகோட்டின் நஞ்சுக்கொடியைக் கடக்கும். கருவின் நிகோட்டினிக் ஏற்பிகள் வேலையில் இருக்கும் நேரத்தில் அவற்றின் மேல் போய் உட்காரும்.

காதிலும் இதே கதைதான், ரசாயனம் வேறு. எலியில் கேட்கும் திறன் சுமார் 12-ஆம் நாளில் தொடங்குகிறது. அதற்கு முன் உட்செவியின் காக்ளியாவில் கோலிக்கர் உறுப்பு என்ற தற்காலிகத் திசு இருக்கிறது. அதன் துணைச்செல்கள் ஏடிபி என்ற மூலக்கூறை வெளியிட, அருகிலுள்ள உள்மயிர்ச்செல்கள் ஒலி ஏதும் இல்லாமலேயே குளுட்டமேட்டைச் சுரந்து செவி நரம்பைச் சுட வைக்கின்றன. இது 2007-இல் தெரிய வந்தது. கேட்கத் தொடங்கியதும் அந்தத் திசு மறைந்துவிடும். மனிதக் கரு ஒலிக்கு ஒழுங்காக அசையத் தொடங்குவது ஏறக்குறைய 25 முதல் 28 வாரங்களில். குறைமாதக் குழந்தை தீவிர சிகிச்சைப் பிரிவில் இருப்பது சரியாக இந்தக் கட்டத்தில்தான்.

இனி செரோடோனின். "மகிழ்ச்சி ரசாயனம்" என்று பத்திரிகைகள் வைத்த பெயரை இங்கே ஒதுக்கிவைத்துவிட வேண்டும். எலியின் மீசை ஒவ்வொன்றுக்கும் பெருமூளைப் புறணியில் பீப்பாய் போன்ற தனிச் செல்கூட்டம் உண்டு. 1970-இல் வூல்சியும் வான் டெர் லூஸும் விவரித்தார்கள். பிறந்த முதல் நான்கைந்து நாட்களில், தலாமஸிலிருந்து வரும் நரம்பிழைகள் மீசைவாரியாகக் கொத்துக்கொத்தாகப் பிரியும்போது இந்தப் பீப்பாய்கள் உருவாகின்றன. மோனோஅமைன் ஆக்சிடேஸ்-ஏ என்ற நொதி செரோடோனினைச் சிதைப்பது. அந்த நொதி இல்லாத எலிக்குட்டியின் மூளையில் செரோடோனின் ஒன்பது மடங்கு வரை ஏறுகிறது, பீப்பாய்கள் உருவாவதே இல்லை. நரம்பிழைகள் கொத்தாகப் பிரியாமல் பாய் விரித்ததுபோல் பரவிக் கிடக்கின்றன.

இந்த ஆய்வின் அடுத்த படிதான் காலத்தின் கணக்கைத் துல்லியமாகச் சொல்கிறது. அதே எலிக்குட்டிக்குப் பிறந்த முதல் சில நாட்களில் செரோடோனின் உற்பத்தியைத் தடுக்கும் மருந்தைக் கொடுத்தால் பீப்பாய்கள் சரியாக உருவாகிவிடுகின்றன. அந்த நாட்கள் கடந்தபின் கொடுத்தால் பயனில்லை, அளவைச் சரிசெய்தாலும் அமைப்பு திரும்பி வராது. செரோடோனின் 1பி ஏற்பியையும் சேர்த்து நீக்கிய எலியில், செரோடோனின் ஏறியிருந்தாலும் பீப்பாய்கள் வருகின்றன. அதாவது மிகையான செரோடோனின் அந்த ஏற்பியின் வழியாக, தலாமஸ் நரம்பிழைகள் குளுட்டமேட்டைச் சுரப்பதை அடக்குகிறது. எந்த மீசை எப்போது அசைந்தது என்ற செய்தி புறணிக்குத் தெளிவாகப் போய்ச் சேர்வதில்லை. செரோடோனின் குறைந்தாலும் கேடுதான்: பீப்பாய்கள் தாமதமாகின்றன, சிறுத்துப் போகின்றன. இன்னொரு வியப்பு, தொடு உணர்வுக்கான அந்தத் தலாமஸ் இழைகள் செரோடோனினைத் தயாரிப்பதில்லை. ஆனால் அந்தச் சில நாட்களுக்கு மட்டும் அதை உறிஞ்சி எடுக்கும் கடத்திப் புரதத்தைத் தம்மேல் வைத்துக்கொள்கின்றன, பிறகு விட்டுவிடுகின்றன. மனச்சோர்வுக்குத் தரப்படும் எஸ்எஸ்ஆர்ஐ வகை மாத்திரைகள் தடுப்பது இந்தக் கடத்தியைத்தான்.

கருவின் முன்மூளைக்குத் தொடக்கத்தில் செரோடோனின் எங்கிருந்து வருகிறது? தாயின் டிரிப்டோபேன் என்ற அமினோ அமிலத்தை எடுத்து நஞ்சுக்கொடியே அதைத் தயாரிக்கிறது என்று 2011-இல் எலியில் காட்டப்பட்டது. கருவின் சொந்தச் செல்கள் பின்னர்தான் பொறுப்பேற்கின்றன.

இதை வைத்துக் கர்ப்பிணிகள் எஸ்எஸ்ஆர்ஐ மாத்திரையைத் தூக்கி எறிய வேண்டும் என்று யாராவது சொன்னால், அது தவறு, ஆபத்தும்கூட. வான்கூவரில் நடந்து 2012-இல் வெளியான ஆய்வு ஒன்று இதற்கு உதவும். தன் மொழியில் இல்லாத பேச்சு வேறுபாடுகளைக் குழந்தைகள் பிறந்த முதல் மாதங்களில் பிரித்தறிவார்கள், ஆண்டு முடிவதற்குள் அந்தத் திறன் மங்கும். இந்தியின் த, ட இரண்டையும் ஆங்கில வீட்டுக் குழந்தைகள் 6–8 மாதத்தில் பிரித்தறிந்து, 10–12 மாதத்தில் இழக்கிறார்கள் என்று ஜேனட் வெர்க்கர் 1984-இல் காட்டியது புகழ்பெற்றது. தமிழ்க் குழந்தைக்கு அந்த வேறுபாடு வீட்டிலேயே காதில் விழுவதால் அது நிலைத்துவிடுகிறது. வான்கூவர் ஆய்வில், எஸ்எஸ்ஆர்ஐ எடுத்த தாய்மாரின் குழந்தைகளிடம் இந்த மங்கல் சீக்கிரமே வந்துவிட்டது. மனச்சோர்வு இருந்தும் மருந்து எடுக்காத தாய்மாரின் குழந்தைகளிடம் அது தாமதமானது, 10 மாதத்திலும் பிரித்தறிந்தார்கள். மருந்து ஒரு பக்கம் தள்ளினால் சிகிச்சையில்லாத மனச்சோர்வு மறுபக்கம் இழுக்கிறது. எனவே மாத்திரையைத் தாமாக நிறுத்தக் கூடாது. கருத்தரிக்கத் திட்டமிடும்போதே மனநல மருத்துவரிடம் பேசி, குறைந்தபட்சப் பயனுள்ள அளவை முடிவு செய்ய வேண்டும். பிரசவத்தின்போது குழந்தை மருத்துவரிடம் மாத்திரையின் பெயரையும் அளவையும் சொல்ல வேண்டும். பிறந்த முதல் இரண்டு நாட்கள் நடுக்கம், வேகமான மூச்சு, பால் குடிக்கத் தடுமாற்றம் இருக்கிறதா என்று கவனிக்க வேண்டும். எஸ்எஸ்ஆர்ஐ வகையைச் சேர்ந்த செர்ட்ராலின் தாய்ப்பாலில் மிகக் குறைவாகவே போகிறது, அதற்காகப் பாலை நிறுத்தத் தேவையில்லை.

நார்அட்ரினலினுக்கு வருவோம். மோப்பத்தில் இதன் வேலை கண்கூடாகத் தெரியும். பிறந்த பத்து நாட்களுக்குள் இருக்கும் எலிக்குட்டிக்கு ஒரு வாசனையைக் காட்டிக்கொண்டே முதுகைத் தடவினால், மறுநாள் அந்த வாசனையைத் தேடிப் போகும். தடவலுக்குப் பதில் லேசான மின்னதிர்ச்சி கொடுத்தாலும் அந்த வயதில் வாசனையை விரும்பவே செய்யும்! காரணம், அந்தப் பருவத்தில் மூளைத்தண்டின் லோகஸ் செருலியஸ் எந்தத் தொடுகைக்கும் ஏராளமாக நார்அட்ரினலினைச் சுரக்கிறது. பயத்தைக் கற்பிக்கும் அமிக்டலா இன்னும் இந்தக் கற்றலில் சேரவில்லை. நார்அட்ரினலினின் பீட்டா ஏற்பியைத் தடுக்கும் புரோப்ரனலால் கொடுத்தால் விருப்பம் உருவாவதில்லை. தாயை விட்டால் உயிர் பிழைக்க வழியில்லாத குட்டி, தாய் எப்படி இருந்தாலும் அவளோடு ஒட்டிக்கொள்ள வேண்டும் என்பதற்கான ஏற்பாடு இது. பத்தாம் நாளுக்குப் பின் அதே மின்னதிர்ச்சி வெறுப்பைக் கற்றுத்தருகிறது.

மனிதச் சிசுவும் பிறந்த முதல் மணிகளில் வாசனையைக் கற்கிறது. பிரசவ வலியின்போது குழந்தையின் ரத்தத்தில் நார்அட்ரினலின் பெருமளவில் ஏறுகிறது. வலி தொடங்கும் முன்பே செய்யப்படும் சிசேரியனில் அந்த ஏற்றம் குறைவு. 1994-இல் வெளியான ஓர் ஆய்வில், தாயின் ஒரு மார்பைக் கழுவி மற்றதைக் கழுவாமல் விட்டபோது 30 சிசுக்களில் 22 பேர் கழுவாத மார்பைத் தாமாகத் தேர்ந்தார்கள். நடைமுறையில் இதற்கு அர்த்தம்: பிறந்த முதல் ஒரு மணி நேரம் குழந்தையைத் துடைத்துத் தாயின் மார்பில் தோலோடு தோல் படும்படி கிடத்த வேண்டும், சிசேரியனானாலும் தாய் விழித்திருந்தால் இது முடியும். முதல் குளியலை 24 மணி நேரம் தள்ளிப்போடச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். பால் கொடுக்கும் முன் மார்பைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டாம். வாசனைப் பவுடர் வேண்டாம். பச்சிளம் குழந்தை இருக்கும் அறையில் சாம்பிராணிப் புகையும் வேண்டாம்; மணம் குழப்புவது ஒருபுறம் இருக்க, நுரையீரலுக்கு அது நேரடிக் கேடு.

இப்போது காபா இரண்டாம் முறை மேடைக்கு வருகிறது, இம்முறை முழுக்கத் தடுக்கும் ரசாயனமாக. டேவிட் ஹூபெல், டார்ஸ்டன் வீசல் இருவரும் பூனைக்குட்டியின் ஒரு கண்ணை மூடிவைத்து, குறிப்பிட்ட சில வாரங்களுக்குள் மூடினால் அந்தக் கண் பார்வைப் புறணியில் தன் இடத்தை இழக்கிறது, வளர்ந்த பூனையில் அப்படி நடப்பதில்லை என்று காட்டினார்கள். 1981-இல் நோபல் பரிசு பெற்றார்கள். அந்த வாய்ப்புக் காலத்தைத் திறந்துவைப்பது எது? 1998-இல் டகாவோ ஹென்ஷ் குழுவினர், காபாவைத் தயாரிக்கும் நொதிகளில் ஒன்றான ஜிஏடி65 இல்லாத எலியில் அந்தக் காலம் தொடங்குவதே இல்லை என்று கண்டார்கள். டயசெபாம் கொடுத்துக் காபாவின் விளைவைக் கூட்டினால் தொடங்கியது. சாதாரண எலிக்குட்டிக்கு முன்கூட்டியே கொடுத்தால் முன்கூட்டியே தொடங்கியது. பார்வால்புமின் என்ற புரதம் கொண்ட தடுப்புச் செல்கள் முதிர்வதே கடிகாரம். அவை முதிர்ந்தபின் அவற்றைச் சுற்றி ஒரு வலை கட்டப்படுகிறது, அசிட்டைல்கோலின் ஏற்பியைக் கட்டுப்படுத்தும் லின்க்ஸ்1 போன்ற தடைப் புரதங்கள் கூடுகின்றன, காலம் முடிகிறது. மாறும் திறனுக்கு நார்அட்ரினலினும் அசிட்டைல்கோலினும் வேண்டும். பூனைக்குட்டியில் இரண்டையும் சேர்த்துக் குறைத்தால் கண் மூடியும் மாற்றம் நடக்கவில்லை என்று 1986-இல் காட்டப்பட்டது.

கண் மருத்துவத்தின் கெடுக்கள் எல்லாம் இந்தக் கடிகாரத்திலிருந்து வந்தவை. பிறவிக் கண்புரை ஒரே கண்ணில் இருந்தால் 4 முதல் 6 வாரத்துக்குள், இரு கண்ணிலும் இருந்தால் சுமார் 8 வாரத்துக்குள் அறுவை செய்துவிடுவது நல்லது. லென்ஸை எடுத்துவிட்டு, கண்ணாடியோ கான்டாக்ட் லென்ஸோ தராமல் விட்டால் புறணிக்குக் கலங்கிய படமே போகும், அறுவை வீணாகும். ஒரு கண் புரைக்கு நல்ல கண்ணை மறைத்துப் பயிற்சி தருவதும் சேர வேண்டும். பெற்றோர் அதிகம் கைவிடுவது இந்தக் கட்டத்தில்தான். சோம்பேறிக் கண்ணுக்கு மறைப்பு எவ்வளவு நேரம் என்பதும் சோதித்து அறியப்பட்டது: மிதமான குறைக்கு நாளுக்கு 2 மணி நேரம் 6 மணி நேரத்துக்குச் சமமான பலன் தந்தது, கடுமையான குறைக்கு 6 மணி நேரம் நாள் முழுவதும் மறைப்பதற்குச் சமமாக இருந்தது. மறைப்பு ஒட்ட விடாத பிள்ளைக்கு நல்ல கண்ணில் அட்ரோபின் சொட்டு மருந்து மாற்று வழி. அதுவும் அசிட்டைல்கோலினைத் தடுத்து நல்ல கண்ணின் கிட்டப் பார்வையை மங்கச் செய்யும் மருந்துதான். வயது வந்த எலியில் புளுஆக்செட்டின் மாத்திரை சோம்பேறிக் கண்ணைத் திருப்பிக் கொண்டுவந்தது என்று 2008-இல் வந்த செய்தியைப் படித்துப் பலர் கேட்கிறார்கள். பெரியவர்களிடம் பயிற்சியோடு சேர்த்துச் சோதித்து 2018-இல் வெளியான ஆய்வில் மாத்திரையால் கூடுதல் பலன் தெரியவில்லை. குழந்தைக்கு அதற்காகக் கேட்டுப் போக வேண்டாம்.

காதின் கெடு இன்னும் கறாரானது. ஒரு மாதத்துக்குள் செவிச் சோதனை, மூன்று மாதத்துக்குள் உறுதி, ஆறு மாதத்துக்குள் கருவி அல்லது பயிற்சி. பிறவிச் செவிடுக்குக் காக்ளியர் கருவியை மூன்றரை வயதுக்குள் பொருத்தினால் புறணியின் மறுமொழி வேகம் வயதுக்கு ஏற்றபடி வருகிறது, ஏழு வயதுக்குப் பின் பொருத்தினால் பெரும்பாலும் வருவதில்லை என்பது அனு ஷர்மாவின் 2002 ஆய்வு. தமிழ்நாட்டில் ஆறு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கு முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் இந்தக் கருவி கிடைக்கிறது. ஆறு வயது என்பது திட்டத்தின் வரம்பு, மூளையின் வரம்பு அதற்கு முன்பே வந்துவிடும். ஒரு வயதை ஒட்டியே பொருத்த முயல வேண்டும்.

ஓயாத இரைச்சலைப் பற்றியும் சொல்ல வேண்டும். எலிக்குட்டிகளை இடைவிடாத வெள்ளை இரைச்சலில் வளர்த்தபோது செவிப்புறணி முதிராமல் நின்றது என்று 2003-இல் காட்டப்பட்டது. உருவமற்ற ஒலியில் பிரித்தறிய ஒன்றும் இல்லை. குழந்தையைத் தூங்கவைக்க விற்கும் ஒலிக்கருவிகள் 14-ஐ அளந்து 2014-இல் வெளியிட்ட ஆய்வில், 30 செ.மீ. தூரத்தில் எல்லாமே 50 டெசிபலைத் தாண்டின, மூன்று 85-ஐயும் தாண்டின. பயன்படுத்தியே ஆக வேண்டுமென்றால் தொட்டிலிலிருந்து இரண்டு மீட்டராவது தள்ளி, மிகக் குறைந்த ஒலியில், தூங்கியதும் அணைத்துவிட வேண்டும். பச்சிளங்குழந்தைத் தீவிர சிகிச்சைப் பிரிவில் 45 டெசிபலுக்குள் வைக்கச் சொல்வது அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாதெமியின் பரிந்துரை. இன்குபேட்டரின் கதவை அறைந்து மூடுவதும் அதன் மேல் பாட்டிலைத் தட்டென்று வைப்பதும் உள்ளே பன்மடங்காகக் கேட்கும். கங்காரு முறையில் தாய் நெஞ்சோடு அணைத்துவைக்கும்போது அவள் குரலையும் சேர்த்துக் குழந்தை கேட்கிறது.

டோபமைனைப் பற்றி ஒன்று மட்டும், ஏனென்றால் அது நம் கையில் இருக்கிறது. விழித்திரையில் ஒளி பட்டால் டோபமைன் சுரக்கும், அது கண் நீளமாக வளர்வதை மட்டுப்படுத்தும். கோழிக்குஞ்சில் டோபமைன் ஏற்பியைத் தடுத்தால் பிரகாசமான ஒளி தரும் பாதுகாப்பு இல்லாமல் போகிறது. வகுப்பறை வெளிச்சம் சில நூறு லக்ஸ், வெளியே பகல் வெளிச்சம் பத்தாயிரத்துக்கும் மேல். குவாங்சோவில் ஆறு, ஏழு வயதுப் பிள்ளைகளுக்குப் பள்ளியில் தினம் 40 நிமிடம் கூடுதலாக வெளியில் விட்டபோது மூன்றாண்டில் புதிதாகக் கிட்டப்பார்வை வந்தவர்கள் 30.4 சதவீதம், வழக்கம்போல் இருந்தவர்களில் 39.5 சதவீதம். தினம் இரண்டு மணி நேரம் வெளியில் இருக்க வேண்டும் என்பது தைவானின் பள்ளி இலக்கு. மர நிழலும் போதும். நேரடி வெயிலில் நிற்க வேண்டாம், சூரியனைப் பார்க்கவே கூடாது.

சரி, உணவால் ஏதாவது செய்ய முடியுமா? வாழைப்பழத்தில் செரோடோனின் இருக்கிறது, அது ரத்தத்திலிருந்து மூளைக்குள் போகாது. காபா என்று விற்கும் மாத்திரையும் எளிதில் போகாது. மூளை தன் ரசாயனங்களைத் தானே தயாரித்துக்கொள்கிறது. தயாரிக்கும் நொதிகளுக்குத் துணை வேண்டும், அங்கேதான் உண்மையான குறைபாடுகள் இருக்கின்றன.

முதலாவது இரும்புச்சத்து. டோபமைன், நார்அட்ரினலின், செரோடோனின் மூன்றின் முதல் படி நொதிகளுக்கும் இரும்பு வேண்டும். நரம்பின் மயலின் உறைக்கும் வேண்டும். சிலியில், ஆறு மாதத்தில் இரும்புக் குறை ரத்தசோகை இருந்த குழந்தைகளின் செவி மின்பதிவில் மூளைத்தண்டு வழியாகச் செய்தி செல்லும் வேகம் குறைந்திருந்தது. இரும்பு கொடுத்து ரத்தசோகை சரியான பிறகும், நான்கு வயதில் அந்தத் தாமதம் தெரிந்தது. தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு 2019–21-இன்படி இந்தியாவில் 6 முதல் 59 மாதக் குழந்தைகளில் 67 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. அந்த வயதினருக்கு அரசுத் திட்டத்தில் வாரம் இருமுறை ஒரு மி.லி. சிரப், அதில் 20 மி.கி. இரும்பு, 100 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம். வயிறு கெட்டுப் போகும், மலம் கறுக்கிறது என்று பயந்து நிறுத்திவிடுகிறார்கள். மலம் கறுப்பது இயல்பு. பாலோடு சேர்த்துக் கொடுத்தால் உறிஞ்சப்படுவது குறையும். பிறக்கும்போது தொப்புள்கொடியை ஒரு நிமிடத்துக்குக் குறையாமல் காத்திருந்து கட்டுவது முதல் மாதங்களுக்கான இரும்புச் சேமிப்பு. குறைமாதக் குழந்தைக்கு இரும்பு முன்னதாகவே, எடைக்கேற்ற அளவில் மருத்துவர் தொடங்க வேண்டும்.

இரண்டாவது பைரிடாக்சின், அதாவது வைட்டமின் பி6. குளுட்டமேட்டைக் காபாவாக மாற்றும் நொதி இது இல்லாமல் ஓடாது. 1950-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில், தயாரிப்பின்போது வெப்பத்தால் பி6 அழிந்த ஒரு பால் கலவையைக் குடித்த சிசுக்களுக்கு வலிப்பு வந்தது. வைட்டமினைச் சேர்த்ததும் நின்றது. மற்ற மருந்துக்கு அடங்காத சிசு வலிப்பில் பைரிடாக்சினை முயன்று பார்ப்பது இன்றும் வழக்கம். நன்றாக உண்ணும் தாயின் பாலைக் குடிக்கும் குழந்தைக்கு இதைத் தனியாகக் கொடுக்கத் தேவையில்லை.

மருந்துகளில் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியவை இரண்டு. சிசு வலிப்பின் ஒரு வகைக்குத் தரப்படும் விகாபட்ரின் காபா சிதைவதைத் தடுப்பது. விழித்திரையைப் பாதித்துப் பக்கவாட்டுப் பார்வையைக் குறுக்கலாம். ஆனால் அந்த வலிப்பை விட்டுவைத்தால் மூளை வளர்ச்சியே நின்றுவிடும் என்பதால் தேவைப்படும் குழந்தைக்குக் கொடுத்தே ஆக வேண்டும். எத்தனை மாதம் தொடரும், கண் பரிசோதனை எப்போது என்று கேளுங்கள். மயக்க மருந்துகள் காபாவைக் கூட்டியோ என்எம்டிஏ ஏற்பியைத் தடுத்தோ வேலை செய்பவை. மூன்று வயதுக்குள் மூன்று மணி நேரத்துக்கு மேலோ திரும்பத் திரும்பவோ தருவதைப் பற்றி அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2016-இல் எச்சரித்தது. ஒரு மணி நேரத்துக்குக் குறைந்த ஒருமுறை மயக்கத்தால் ஐந்து வயதில் அறிவுத்திறனில் வேறுபாடு இல்லை என்று 2019-இல் பெரிய சோதனை ஒன்று காட்டியது. கண்புரைக்கோ காக்ளியர் கருவிக்கோ உரிய அறுவையை இந்தப் பயத்தால் தள்ளிப்போட்டால் இழப்பு நிச்சயம்.

சிறுநீரில் டோபமைன், செரோடோனின் அளந்து "குழந்தையின் மூளை ரசாயனச் சமநிலை" என்று அறிக்கை தரும் பரிசோதனைகளுக்குப் பணம் கட்ட வேண்டாம். உடலின் செரோடோனினில் பெரும்பகுதி குடலில் உருவாவது. அறிக்கையில் வரும் எண் புறணியைப் பற்றி எதுவும் சொல்லாது. அதற்குப் பதிலாகக் கேட்டு வாங்க வேண்டியவை: மருத்துவமனையை விட்டுக் கிளம்பும் முன் இரு கண்ணிலும் சிவப்பு ஒளிப் பிரதிபலிப்புச் சோதனை, காதுக்கு ஓஏஇ அல்லது ஏபிஆர் சோதனை. வீட்டில் எடுத்த படத்தில் ஒரு கண்மணி வெள்ளையாகத் தெரிந்தாலும், மூன்று மாதமாகியும் குழந்தை முகத்தைப் பின்தொடராவிட்டாலும், நான்கு மாதத்துக்கு மேலும் மாறுகண் இருந்தாலும், ஆறு மாதத்தில் குரல் வந்த பக்கம் திரும்பாவிட்டாலும் அந்த வாரமே காட்ட வேண்டும். குழந்தைகளின் உடல்நலத்தைப் பரிசோதிக்கும் அரசின் ஆர்.பி.எஸ்.கே. திட்டத்தின் மாவட்ட மையங்களில் இவற்றுக்குக் கட்டணம் இல்லை.

கெடு தவறிவிட்ட பிள்ளைகளின் பெற்றோருக்கு: பவன் சின்ஹாவின் பிரகாஷ் திட்டம் பிறவிக் கண்புரையோடு எட்டு வயதையும் தாண்டிய இந்தியப் பிள்ளைகளுக்கு அறுவை செய்து தொடர்ந்து கவனித்தது. தொட்டு அறிந்த பொருளைப் பார்வையால் உடனே அடையாளம் காண அவர்களால் முடியவில்லை, சில நாட்களில் கற்றுக்கொண்டார்கள். கூர்மை முழுதாக வரவில்லை; ஆனால் சிலருக்கு ஒளி-நிழல் வேறுபாட்டை அறியும் திறன் அறுவைக்குப் பின் மாதக்கணக்கில் உயர்ந்துகொண்டே போனது. நடமாடவும் முகம் அறியவும் அந்தப் பார்வை உதவுகிறது. பத்து வயதுப் பிள்ளையானாலும் கண் மருத்துவரிடம் கூட்டிப் போங்கள், அறுவைக்குப் பின் கண்ணாடியையும் பயிற்சியையும் குறைந்தது ஓராண்டாவது விடாமல் தொடருங்கள்.